ஒரு சொட்டு விழக்கூடாது

ஹூப்ளி
11-1-1996

சௌ. கனகலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. இரண்டு அறை, பின்னால் ஒரு முருங்கை மரம், எதிரே கூட்ஸ் யார்டு. தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வருகிறது. மூன்று பேருக்குப் போதும்.

நான் ரயில் ஏறின அன்று நீ பேசாமல் நின்றதை மறக்கவில்லை. நானும்தான் பேசவில்லை. அதனால் சொன்னது மாறிவிடாது. ஸ்மிதாவின் பரீட்சை முடிந்ததும் மைசூர் வீட்டைக் காலி செய்துவிட்டு நீங்கள் இருவரும் இங்கே வருகிறீர்கள்.

உனக்கு நஞ்சன்கூடு ஃபாக்டரியில் வேலை கிடைத்தது பற்றி எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு எந்த பஸ்ஸில் போய்ச் சேருவாய்? காரில் போவேன் என்கிறாய். நீ லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த ஃபியட்டோ தீபாவளியிலிருந்து எண்ணெய் கொட்டுகிறது. ஒரு மெக்கானிக் எஞ்சினையே இறக்கவேண்டும் என்றான். இன்னொருவன் எதையோ முறுக்கிவிட்டுப் போனான், மறுநாளே மறுபடி ஒழுகியது. வண்டிக்கு வயதாகிவிட்டது. நடுவழியில் நின்றால் இருட்டில் என்ன செய்வாய்?

கொள்ளேகாலில் அய்யாவு என்று ஒரு ஆள், பழைய கார் வாங்கி விற்பவர். மார்ச் 17 ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் வண்டியைத் துடைத்து வை.

அப்பா படிக்கச் சொன்னதாக ஸ்மிதாவிடம் சொல்.

சாம்பு

—

மைசூர்
18-1-1996

நமஸ்காரம்.

உங்களுக்குக் கோபம் வந்தால் நான் முழுப்பெயர் கனகலக்ஷ்மி ஆகிவிடுவேன். கவரைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது.

தண்ணீர் மூன்று பேருக்குப் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு என்ன போதும் என்று யாராவது கேட்டார்களா? பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி முடித்துப் பதினேழு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நான் அளந்ததெல்லாம் துவரம்பருப்பும் காபிப்பொடியும்தான். இப்போது ஒரு லேபில் என்னைக் கூப்பிட்டு, வெள்ளைக் கோட்டு கொடுத்து, உட்கார நாற்காலி கொடுக்கிறேன் என்கிறார்கள். ஏப்ரல் முதல் தேதி சேரவேண்டும். இது போனால் இன்னொன்று வராது. எனக்கு வயது முப்பத்தெட்டு.

நான் தனியாகவும் போகவில்லை. அதே ஃபாக்டரியில் பாக்கிங் பிரிவில் இருக்கும் பாக்கியலட்சுமி அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். அவளும் என்னோடு காரில் வருவாள். குறுக்கே நிற்பது அந்த எண்ணெய் ஒழுகல் ஒன்றுதான். அதை நானே சரிசெய்யப் போகிறேன்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? இப்போது கேளுங்கள். மார்ச் 17 அன்று காலை, ராத்திரி முழுக்கக் காருக்கு அடியில் விரித்துவைத்த அட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் அய்யாவு காரை ஓட்டிக்கொண்டு போகட்டும். நான் பெட்டியைக் கட்டுகிறேன், வாயைத் திறக்க மாட்டேன். அட்டை காய்ந்திருந்தால் காரையும் விற்கக்கூடாது, என்னை ஹூப்ளிக்கும் கூப்பிடக்கூடாது. சம்மதமா? எழுத்தில் வேண்டும்.

டிக்கியில் வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. பிரிக்காத பக்கங்கள் இருந்தன. பதினொரு வருஷம் காரை வைத்திருந்து ஒருநாள்கூட அதைத் திறந்து பார்க்கவில்லையா நீங்கள்?

கனகா

—

ஹூப்ளி
27-1-1996

சௌ. கனகலக்ஷ்மிக்கு,

சம்மதம். எழுத்தில் கேட்டாய், இதோ எழுத்தில். மார்ச் 17, ஒரு சொட்டு.

உன் பிடிவாதம் எனக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு அடுத்த வாரம் என் டிரான்ஸிஸ்டரைப் பிரித்துப்போட்டவள் நீ. அதில் மூன்று திருகாணி மிச்சம் வந்தது. அது பாடினது என்னவோ உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு விஷயம். இதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளாமல் கேள். ஜாக்கி மட்டும் வைத்துவிட்டுக் காருக்கு அடியில் போகாதே. ஜாக்கி நழுவி எங்கள் யார்டில் ஒரு கலாசித் தொழிலாளியின் தோள் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தடிமனான மரக்கட்டை வை. பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வை. கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கும் போடு. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள். முடிந்தால் என் பழைய பேண்ட்டைப் போட்டுக்கொள். தெரு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மெஸ் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள்.

சாம்பு

—

மைசூர்
9-2-1996

நமஸ்காரம்.

உங்கள் பேண்ட் எனக்கு இடுப்பில் பிடிக்கிறது, காலில் தொங்குகிறது. மடித்துவிட்டுக்கொண்டேன். விறகுக் கடையில் ரயில்வே ஸ்லீப்பர் துண்டு இரண்டு கிடைத்தது. முன் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி நிறுத்தினேன். எதிர்வீட்டு மல்லம்மா கேட்டுக்கு வந்து, "காரடி யாகே மலகிதீரா?" என்றாள். காருக்கு அடியில் ஏன் படுத்திருக்கிறேன் என்று கேட்டால் என்ன சொல்வது? "நித்தே பர்லில்லா" என்றேன், தூக்கம் வரவில்லை என்று. சிரித்துக்கொண்டே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தாள்.

முதலில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எங்கே சொட்டுகிறதோ அங்கே ஒழுகுவதில்லை. எண்ணெய் மேலேயிருந்து வழிந்து கீழே எங்கேயோ போய்ச் சொட்டும். மண்ணெண்ணெயும் உங்கள் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்து எஞ்சினை இரண்டு நாள் தேய்த்தேன். கருப்பாக இருந்தது அலுமினியமாக மாறியது. நன்றாகக் காயவிட்டு, ஸ்மிதாவின் முகப் பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவினேன். சாமுண்டி மலை அடிவாரம் வரை ஓட்டிப்போய்த் திரும்பிவந்து பானெட்டைத் திறந்தேன். வெள்ளைப் பவுடரில் ஒரே ஓர் ஓரம் மட்டும் ஈரமாகக் கருத்திருந்தது. எஞ்சின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறதே ஒரு தகர மூடி, டேப்பட் கவர், அதன் பின் விளிம்பு. அந்த ஈரத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் சொன்னால் பைத்தியம் என்பீர்கள்.

சந்தேபேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், அந்த மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் கார்க் பேக்கிங் வாங்கினேன். கடைக்காரர் பெயர் மஞ்சுநாத். பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துப் புதியதை வைத்து, இனி ஒரு சொட்டு விழட்டும் பார்க்கலாம் என்று, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு நட்டை முறுக்கினேன். மறுநாள் அட்டையில் பழையதைவிடப் பெரிய வட்டம். கார்க் பிதுங்கி வெடித்திருந்தது. மஞ்சுநாத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டைட் மாடிதஷ்டு லீக் ஜாஸ்தி ஆகத்தம்மா" என்றார். முறுக்க முறுக்க ஒழுகல் அதிகமாகுமாம். விரலால் சுற்றி, அப்புறம் ஸ்பானரில் கொஞ்சமே கொஞ்சம். அவ்வளவுதானாம்.

கடையிலிருந்து வரும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். இன்னொரு பேக்கிங் கையில் இருந்தது.

கனகா

—

ஹூப்ளி
17-2-1996

கனகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பவுடர் தூவின விஷயத்தை இங்கே எங்கள் ஜீப் டிரைவரிடம் சொன்னேன். ரொம்பக் கெட்டிக்காரி என்றான். அவன் வேறு ஏதேதோ சொன்னான். எல்லாம் அவரவர் அனுபவம்.

நான் யோசித்துப் பார்த்தேன். நீ இவ்வளவு கஷ்டப்படத்தான் வேண்டுமா? கையெல்லாம் மண்ணெண்ணெய் பட்டுப் புண்ணாகியிருக்கும். உனக்கு எண்ணெய் மூடியில் கைவைக்கத் தெரியும் என்று நிரூபித்துவிட்டாய். போதாதா? இங்கே ஹூப்ளியிலும் காலேஜ்கள் இருக்கின்றன. லேப் இருக்கும். விசாரிக்கிறேன்.

முருங்கை காய்த்திருக்கிறது. பறித்து யாருக்குச் சமைப்பது என்று மரத்திலேயே விட்டிருக்கிறேன்.

இன்னும் எழுத நினைத்தேன். தபால் எடுக்கும் நேரம் ஆகிவிட்டது.

சாம்பு

—

மைசூர்
4-3-1996

நமஸ்காரம்.

முழுப்பெயர் இல்லாமல் ஒரு கடிதம் வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே பார்த்தால் சமாதானம் பேசி என்னை இறங்கிவரச் சொல்கிறீர்கள். இறங்கமாட்டேன்.

ஆனால் உங்களிடம் பொய் சொல்லவும் மாட்டேன். தோற்றுக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது பேக்கிங்கை மிக நிதானமாக, ஒரு நட்டுக்கு அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினேன். மூன்று நாள் அட்டை காய்ந்திருந்தது. நாலாம் நாள் சொட்டு. மூன்றாவது பேக்கிங். மேலே ஒழுகல் நின்றது, அடியில் எண்ணெய்த் தொட்டியின் விளிம்பில் கசிய ஆரம்பித்தது. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வருகிறது. நாலாவது பேக்கிங் வாங்கப் போனபோது மஞ்சுநாத் கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காயத்துக்கு மருந்து வாங்க வேறு போகவேண்டியிருந்தது. தகர விளிம்பு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இது இரண்டாவது தடவை.

அய்யாவு வண்டியைப் பார்த்துவைக்க ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். அட்டையைப் பார்த்தார். "ஏனுங்கம்மா, இது காருங்களா, செக்குங்களா?" என்றார். அப்புறம் என் கையில் சுற்றின துணியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கெதுக்குங்க இந்த வம்பு, பொம்பளைங்க கைக்கு இது அடங்காதுங்க" என்றார். நல்ல மனிதர்தான், காபி நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

உண்மையாகச் சொல்கிறேன். ஒருவேளை எனக்கு மூளை இல்லையோ என்று தோன்றிவிட்டது. புத்தகத்தில் இருப்பதைத்தான் செய்கிறேன். வரவில்லை என்றால் குறை என்னிடம்தானே? இப்படி ஒரு மூடியை மூடத் தெரியாதவளை நம்பி லேபில் எதைக் கொடுப்பார்கள்?

இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. நாளைக் காலை மறுபடி கழற்றுகிறேன்.

கனகா

—

மைசூர்
10-3-1996

நமஸ்காரம்.

கண்டுபிடித்துவிட்டேன்! உட்கார்ந்து படியுங்கள்.

வியாழக்கிழமை எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பி தானாக ஓர் அங்குலம் மேலே எழும்பி நின்றது. உள்ளே அழுத்தினேன், மறுபடி எழும்பியது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று குக்கர் மாதிரி காற்று. அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. மூடின குடுவையைச் சூடாக்கினால் தக்கை பிடுங்கிக்கொண்டு வரும் என்று பி.எஸ்.சி. முதல் வருஷத்தில் படித்தவள் நான். எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறுகிறது, வெளியே போக வழியில்லை, கிடைத்த இடுக்கில் எல்லாம் எண்ணெயைத் தள்ளுகிறது. பேக்கிங்கில் குறையே இல்லை! என் கையிலும் குறையில்லை!

அந்தக் காற்று போவதற்கென்று பிரீதர் குழாய் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சினிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும், கட்டைவிரல் தடிமன் ரப்பர் குழாய். கழற்றி வாயை வைத்து ஊதினேன். போகவில்லை. கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்து உள்ளே விட்டு இழுத்தேன். என்ன வந்தது தெரியுமா? எண்ணெயில் ஊறிக் கருத்த ஒரு துணி. பிரித்தால் ஓரத்தில் பச்சைக் கரை. உங்கள் பழைய ஈரிழைத் துண்டு!

ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா? தெருவில் எல்லா வண்டிக்கும் முன்னால் நம் வண்டி பளபளவென்று நிற்கவேண்டும் என்று, காலை ஐந்து மணிக்கு ஹோஸ் பைப்பை எடுத்து எஞ்சினையே குளிப்பாட்டினீர்களே? தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கக் குழாய் வாயில் துண்டைக் கிழித்து அடைத்திருக்கிறீர்கள். அப்புறம் சந்தனம், குங்குமம், மாலை, பூசணிக்காய், பஞ்சாமிர்தம். துணியை எடுக்க மறந்து, அப்படியே குழாயை மாட்டிவிட்டீர்கள். ஆயுத பூஜைக்கு மூன்று வாரத்தில் தீபாவளி, தீபாவளியிலிருந்து ஒழுகல். வண்டிக்கு வயதாகவில்லை. பூஜை பண்ணினவருக்குத்தான் ஆகியிருக்கிறது.

கோபமே வரவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். மறதிதானே, யாருக்கு இல்லை? பாலை அடுப்பில் வைத்துவிட்டு மார்க்கெட் போனவள் நான்.

குழாயைக் கழுவி மாட்டி, புதுப் பேக்கிங் போட்டேன். வெள்ளி, சனி, இன்று. மூன்று ராத்திரியும் அட்டை காய்ந்திருக்கிறது. நேற்றுப் பாக்கியலட்சுமியை உட்காரவைத்து நஞ்சன்கூடு வரை போய் ஃபாக்டரி கேட்டைத் தொட்டுவிட்டு வந்தோம். முப்பத்தைந்து நிமிஷம்.

பதினேழாம் தேதிக்கு நீங்களும் வாருங்கள். அட்டையை உங்கள் கண்ணால் பாருங்கள்.

கனகா

—

ஹூப்ளி
14-3-1996

கனகா,

பதினேழாம் தேதி நான் வரவில்லை. அட்டையைப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. அய்யாவுக்கு வரவேண்டாம் என்று தந்தி கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ பவுடர் தூவினதை ஜீப் டிரைவரிடம் சொன்னேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அவன் கேட்ட முதல் கேள்வி, "பிரீதர் அடைச்சிருக்கா பார்த்தீங்களா சார்?" என்பதுதான். அவன் கேட்ட மாத்திரத்தில் எனக்கு அந்தத் துண்டு ஞாபகம் வந்துவிட்டது. அடைத்தது, எடுக்காதது, எல்லாம். அது பிப்ரவரி 13. அன்றைக்கே ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. 17ஆம் தேதி எழுதினபோதும் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை.

மறதிதானே என்று நீ எழுதியிருக்கிறாய். அக்டோபரில் மறதிதான். பிப்ரவரியில் மறதி இல்லை.

ஏன் என்று கேட்பாய். வண்டி சரியானால் நீ வரமாட்டாய். அவ்வளவுதான். ராத்திரி இந்த வீட்டில் பேச்சுக்குரல் கிடையாது. உனக்கு வேலை, கார், தோழி என்று எல்லாம் அமைந்துவிட்டால் நான் எதற்கு என்று பயமாக இருந்தது. நாற்பத்தைந்து வயதில் இப்படி ஒரு பயம் வரும் என்று எனக்குத் தெரியாது. நீயாகவே களைத்துப்போய் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். உன் கை இரண்டாவது தடவை கிழிந்தது என்று படித்தபோது மெஸ்ஸில் சாப்பிட முடியவில்லை. அப்போதும் எழுதவில்லை.

இதோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஃபாரம் இரண்டு வைத்திருக்கிறேன். விற்பவர் இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாங்குபவர் இடத்தில் உன் பெயரை எழுதிக்கொள். முழுப்பெயராக. வண்டி இனி உன்னுடையது. அதை விற்கிறேன் என்று சொல்ல எனக்கு இனிமேல் வழியில்லை.

தமிழ் வருஷப் பிறப்புக்கு வரலாம் என்று இருக்கிறேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரயில் மைசூர் வரும். நீ வேண்டாம் என்றால் வரவில்லை.

சாம்பு

—

மைசூர்
4-4-1996

நமஸ்காரம்.

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுதாமல் இருந்தேன் என்பதுதான் சரி.

முதல் வாரம் உங்கள் கடிதத்தை அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். பார்த்தால் கிழித்துவிடுவேன் என்று. பேக்கிங் வீணானதற்கோ, கை கிழிந்ததற்கோ எனக்குக் கோபம் இல்லை. கை ஆறிவிட்டது. மார்ச் நாலாம் தேதி எனக்கு மூளை இல்லையோ என்று உங்களுக்கு எழுதினேனே, அதைப் படிக்கும்போது உங்களுக்குப் பதில் தெரியும். ஒரு கார்டு. "மூளை இருக்கிறது, குழாயைப் பார்" என்று இரண்டு வரி. அதை எழுதாமல், என்னை அப்படி நினைக்கவிட்டீர்கள். பிப்ரவரி 13 முதல் நான் கண்டுபிடித்த நாள் வரை இருபத்து மூன்று நாள். எண்ணிப் பார்த்தேன். அதை என்னால் இன்னும் தாண்டிவர முடியவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

ஆனால் நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம். நான்தான் மறதி என்று சிரித்து முடித்துவிட்டேனே. அப்படியே விட்டிருந்தால் எனக்கு ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. சொன்னீர்கள். அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். குமாஸ்தா, "யஜமானர் எல்லி?" என்று உங்களைத் தேடினார். வண்டிக்கு யஜமானி நான்தான் என்றேன். திரும்பக் கேட்காமல் முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். ஐந்து மணிக்குக் கிளம்பி, பாக்கியலட்சுமியை ஏற்றிக்கொண்டு, ஐந்து நாற்பதுக்கு கேட்டுக்குள் போய்விட்டோம். வாட்ச்மேன் டிரைவர் எங்கே என்று பின் ஸீட்டை எட்டிப் பார்த்தார். லேபில் முதல் நாள் முழுக்கக் குடுவை கழுவத்தான் விட்டார்கள். இரண்டாம் நாள் ஒரு மாதிரியைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். என் முடிவும் அவர்கள் முடிவும் ஒன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்மிதாவிடம் சொன்னேன், மல்லம்மாவிடம் சொன்னேன். அப்புறம் உங்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இன்று பேனாவை எடுத்தேன். "நான் எதற்கு" என்று எழுதியிருந்தீர்களே, இதற்கும்தான்.

ஹூப்ளிக்கு வரமாட்டேன். அது முடிந்துபோன பேச்சு. நீங்கள் மைசூருக்கு மாற்றல் கேட்டு எழுதுங்கள், கிடைக்க வருஷம் ஆகலாம், ஆகட்டும். அதுவரை லீவுக்கு வாருங்கள். லீவில் நாங்களும் வருகிறோம், முருங்கைக்காயை மரத்திலேயே முற்றவிடாதீர்கள்.

வருஷப் பிறப்புக்கு வாருங்கள். ஆனால் ஸ்டேஷனுக்குக் கார் வராது. அன்று சனிக்கிழமை, எனக்கு முதல் ஷிஃப்ட். ஏழு மணிக்கு நீங்கள் பிளாட்பாரத்தில் இறங்கும்போது நான் நஞ்சன்கூட்டில் இருப்பேன். ஆட்டோ பிடித்து வாருங்கள். வேப்பம்பூப் பச்சடியை நீங்களும் ஸ்மிதாவும் செய்துவையுங்கள்.

நான் மூன்று மணிக்கு வந்துவிடுவேன். மிச்சத்தை நேரில் பேசலாம். எழுத்தில் வேண்டாம்.

கனகா